பழைய காருக்குப் புத்துயிர்

பிழைப்பை நாடித் தமிழகத்தினின்றும் மும்பை, தில்லி, கொல்கத்தா முதலிய நகரங்களில் குடியேறிய நம்மவர் குடும்பங்களில், ஒரு தலைமுறைக்கு முன்பு கார் வாங்குதல் எளிய காரியமாக இருந்ததில்லை. முன்பணம் கட்டிப் பெயரைப் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அவ்வாறு காத்திருந்து பெற்ற வண்டி விரைவில் குடும்பத்தின் ஓர் உறுப்பினராகவே ஆகிவிடும். ஊரிலிருந்து வரும் பாட்டியை ரயிலடியினின்று அழைத்து வந்ததும், பிள்ளைகளைப் பரீட்சைக்குக் கொண்டு விட்டதும், புதுமணத் தம்பதிகளைக் கோயிலுக்கு அனுப்பியதும் அதிலேதான். இன்று அத்தகைய வண்டிகள் பல, குடியிருப்பு முற்றங்களில் உறைபோட்டு மூடப்பட்டுச் சக்கரங்களில் காற்றிழந்து நிற்கின்றன. காயலான் கடைக்குப் போடுவதா, மீண்டும் ஓடச் செய்வதா என்னும் கேள்வி அவ்வீடுகளில் ஓயாமல் எழுந்து வருகின்றது.

ஓடச் செய்யலாம், அவ்வேலையின் பெரும்பகுதியை வீட்டு முற்றத்திலேயே நம் கையால் செய்யவும் செய்யலாம். ஆனால் வேலையின் வரிசை மாறலாகாது. முதலில் உடல், அடுத்து பிரேக், அதன் பின்னரே என்ஜின், பெயின்ட்டும் பளபளப்பும் கடைசியில். பலர் இவ்வரிசையைத் தலைகீழாக்கிக் கைப்பொருளை இழக்கின்றனர். அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பத்மினியின் வரலாறு

எடுத்துக்காட்டாக நாம் கொள்வது பிரீமியர் பத்மினி. 1944-ஆம் ஆண்டில் வால்சந்த் ஹீராசந்த் தோற்றுவித்த பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் நிறுவனம், இத்தாலிய நாட்டுப் பியட் கம்பெனியின் 1100 வகைக் கார்களை மும்பையின் குர்லாப் பகுதியில் செய்து வந்தது. 1964-இல் வந்த 1100-டி என்னும் வகையே 1974-இல் பத்மினி என்று பெயர் பூண்டது. நான்கு சிலிண்டர்களும் 1,089 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் உடைய சிறு என்ஜின் அதனுடையது. 2000-ஆம் ஆண்டை ஒட்டி அதன் உற்பத்தி நின்றது. மும்பையின் கறுப்பு மஞ்சள் டாக்சிகளாக ஓடிய பத்மினிகள், 20 ஆண்டு வயது வரம்பின் காரணமாக 2023 அக்டோபர் 30-ஆம் தேதியோடு தெருவினின்றும் மறைந்தன. சொந்த வண்டிகள் மட்டும் ஆங்காங்கே எஞ்சியுள்ளன. கொல்கத்தா அன்பர்களின் அம்பாஸடருக்கும் இதே நிலைமைதான். உத்தரபாராவில் 2014 மே மாதத்தில் அதன் உற்பத்தி நிறுத்தப்பட்டது.

இவ்வண்டிகளில் கம்ப்யூட்டர் இல்லை. பெட்ரோலையும் காற்றையும் கலப்பது கார்ப்யுரேட்டர். தீப்பொறியைப் பங்கிடுவது டிஸ்ட்ரிபியூட்டர். பானெட்டைத் திறந்தால் ஒவ்வோர் உறுப்பும் கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டும். பொறுமையும் சில ஸ்பானர்களும் உடையவர் கற்றுக்கொள்ளத் தக்க வண்டி இது.

முதற் சோதனை: துரு

எங்கள் வீட்டில் 1986-ஆம் ஆண்டுப் பத்மினி ஒன்று உண்டு. 2020-இல் ஊரடங்கின்போது நின்ற வண்டி, தகப்பனாரின் கண்பார்வை குறைந்தமையால் பிறகு எடுக்கப்படவே இல்லை. பதிவைப் புதுப்பிக்கும் நாள் நெருங்கியபோது, 2024-ஆம் ஆண்டின் இறுதியில், உடன்பிறந்தோராகிய நாங்கள் மூவரும் அதனைத் தீர்மானிக்க வேண்டியவரானோம். பழைய இரும்பு வியாபாரி ஒருவர் விலையும் சொல்லிவிட்டார். தகப்பனார் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் வியாபாரி வந்து போன அன்று அவர் சரியாக உண்ணவில்லை என்பதை அம்மா பிறகு எங்களிடம் தெரிவித்தார்.

ஆசை வேறு, ஆராய்ச்சி வேறு. ஆகையால் முதலில் துருவைத்தான் பார்த்தோம். இதற்குத் தக்க காரணம் உண்டு. பத்மினியில் லாரிக்கு உள்ளதுபோல் தனியே சட்டகம் கிடையாது. தரைத் தகடு, கதவுக்குக் கீழ் ஓடும் பெட்டி போன்ற வரம்பு, தூண்கள், கூரை யாவும் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்டு, அந்த உடலே வண்டியின் எலும்பாக நிற்கின்றது. எனவே இங்குத் துரு என்பது தோல் நோயன்று, எலும்பு நோய். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் மும்பையில், கடற்காற்றின் உப்பும் கூடிக்கொண்டால் அந்நோய் விரைந்து பரவும்.

சோதிக்கும் முறை எளிது. உள்ளே விரித்த கம்பளத்தையும் ரப்பர் விரிப்பையும் முழுதும் எடுத்துவிட வேண்டும். திருப்புளியின் பிடியால் தரைத் தகட்டையும், கதவின் கீழ் வரம்பையும், ஜாக்கி வைக்கும் இடங்களையும், பேட்டரித் தட்டையும், டிக்கியின் அடியையும், பின்புறப் பட்டைவில் மாட்டியிருக்கும் இடங்களையும் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். உளுத்த தகடு மந்தமாக ஒலிக்கும், சில சமயம் உள்ளே போய்விடும். மேலே பட்டி பூசி மறைத்த இடத்தில் காந்தம் சரியாக ஒட்டாது.

பட்டைவில் மாட்டும் இடமும் இருபுற வரம்புகளும் சேர்ந்து உளுத்திருந்தால், அந்த வண்டியை விட்டுவிடுதலே நலம் என்போம். அதனைச் சீர்படுத்தும் செலவு வண்டியின் விலையைப் பன்மடங்கு மீறும். அரைகுறையாகச் செய்தாலோ உயிருக்கே ஆபத்து. எங்கள் வண்டியில் ஓட்டுநர் காலடித் தகடும் ஒரு வரம்பின் பின்பாதியுமே கெட்டிருந்தன. அந்த இடத்தை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்துப் பற்றவைக்கும் பணியை மட்டும் ஒரு டிங்கர் பட்டறைக்கு விட்டோம். வெல்டிங் வேலை வீட்டு முற்றத்துக்கு உரியதன்று. மற்றைய மேல்துருவை நாங்களே உப்புத்தாள் கொண்டு தேய்த்து, துருத் தடுப்பு பிரைமர் பூசினோம். வரம்பின் அடியில் உள்ள நீர் வடியும் துளைகளைக் கம்பி கொண்டு திறந்து விட்டோம். அத்துளைகள் அடைபடுவதே பெரும்பாலும் கேட்டிற்கு மூலம்.

நின்ற பிறகே ஓட்டம்

அடுத்தது பிரேக். இங்கே தகப்பனார் வாய் திறந்தார். “முதலில் வண்டி நிற்கட்டும், பிறகு ஓடட்டும்” என்றார். அவர் 1986 முதல் எழுதி வைத்திருந்த நோட்டுப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவரச் செய்தார். எந்த மாதம் ஆயில் மாற்றியது, எத்தனையாவது கிலோமீட்டரில் பிரேக் லைனிங் போட்டது என்பன யாவும் அதில் இருந்தன. அதைப் பார்த்த பின்னரே, பிரேக் எண்ணெய் மாற்றிப் பதினோராண்டு ஆயிற்று என்று தெரிந்தது.

பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஈரம் ஏறிய எண்ணெய் சூட்டில் ஆவியாகும். அப்போது மிதியை அழுத்தினாலும் வண்டி நிற்காது. குழாயும் சிலிண்டரும் உட்புறம் துருப்பிடிக்கும். ஆகவே ஈராண்டுக்கு ஒருமுறை மாற்றுதல் நல்ல வழக்கம். நெடுநாள் நின்ற வண்டியில் மாஸ்டர் சிலிண்டர், சக்கர சிலிண்டர்கள் ஆகியவற்றின் ரப்பர்களையும், வளையும் குழாய்களையும் ஒருசேர மாற்றிவிட வேண்டும். ரப்பர் பார்வைக்கு நன்றாக இருக்கிறதே என்று மயங்கலாகாது. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கக் கூடும். அத்தூசு நுரையீரலுக்கு நஞ்சு. ஆகையால் டிரம்மைக் கழற்றியதும் வாயால் ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுத்துத் துணியை எறிந்துவிட வேண்டும்.

புது எண்ணெய் ஊற்றியபின் குழாய்களிலுள்ள காற்றை வெளியேற்ற இருவர் தேவை. ஒருவர் மிதியை அழுத்திப் பிடிக்க, மற்றவர் சக்கரத்தருகே உள்ள நிப்பிளைத் தளர்த்தி, குமிழியோடு வரும் எண்ணெயை வடித்து, உடனே இறுக்க வேண்டும். மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவிலுள்ள சக்கரத்தில் தொடங்கி அண்மையிலுள்ளதில் முடிப்பது முறை. எங்கள் வீட்டில் மிதியை அழுத்தியவர் தகப்பனாரே. கண் மங்கினும் அவர் கால் மறக்கவில்லை. மிதி எப்போது இறுகியது என்பதை எங்களுக்கு முன்னே அவர் அறிந்து சொன்னார். ஆயினும் வேலை முடிந்தபின் நல்ல மெக்கானிக் ஒருவரை அழைத்துச் சரிபார்த்த பிறகே வண்டியை நகர்த்தினோம். பிரேக் விஷயத்தில் இன்னொருவர் கண்ணும் வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியில் ஒருபோதும் படுக்கலாகாது. சமதளத்தில் நிறுத்தி, தரையில் ஊன்றிய சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை அணைத்து, இரும்புத் தாங்கிகளின் மேல் வண்டியை இறக்கி வைத்த பின்னரே கீழே செல்ல வேண்டும். செங்கல் திடீரென நொறுங்கும். அதனைத் தாங்கியாகக் கொள்ள வேண்டா.

என்ஜினை எழுப்புதல்

பல ஆண்டு உறங்கிய என்ஜினைச் சாவி போட்டவுடன் சுழற்றுதல் தவறு. பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் சிறிது ஆயில் விட்டு, ஒருநாள் ஊறவிட வேண்டும். பின்னர், பிளக்குகள் கழன்ற நிலையிலேயே, நான்காம் கியரில் போட்டு வண்டியை மெல்லத் தள்ளினால், பிஸ்டன் இறுகியிருக்கிறதா என்பது தெரிந்துவிடும். பழைய ஆயிலையும் ரேடியேட்டர் நீரையும் மாற்றி, டாங்கியில் நாறிப்போன பெட்ரோலை முழுதும் வடித்து, கார்ப்யுரேட்டரைப் பிரித்து ஜெட்டுகளைச் சுத்தம் செய்ய வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டரின் பாயிண்ட்டைத் துடைத்து, கையேடு கூறும் இடைவெளியில் வைத்து, கண்டென்சரையும் மாற்றினால் தீப்பொறி நன்றாக வரும். இவ்வேலைகளுக்கு முன் பேட்டரியின் நெகடிவ் முனையைக் கழற்றுவதும், அருகில் நெருப்பின்றிப் பார்த்துக்கொள்வதும் கட்டாயம்.

இக்காலத்துக்கே உரிய ஒரு செய்தியையும் இங்கே கூற வேண்டும். நம் நாட்டுப் பெட்ரோலில் எத்தனால் கலப்பு ஆண்டுதோறும் உயர்ந்து, 2025-இல் நூற்றுக்கு 20 பங்கு என்னும் அளவை எட்டியது. பத்மினியின் ரப்பர்க் குழாய்களும் பெட்ரோல் பம்பின் சவ்வும் இதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. அவை உப்பி வெடித்துக் கசியக்கூடும். சூடான என்ஜின்மேல் பெட்ரோல் சொட்டினால் தீப்பிடிக்கும். எனவே எத்தனாலைத் தாங்கும் குழாய்களாக மாற்றுவதைத் தள்ளிப்போடலாகாது. எத்தனாலும் ஈரத்தை இழுப்பது. ஆகையால் டாங்கியில் பெட்ரோலை மாதக்கணக்கில் தேக்கி வைக்காமல் வாரந்தோறும் சிறிது ஓட்டுதல் நல்லது.

சாமான் கிடைக்கும் இடங்கள்

உதிரிச் சாமான்களுக்கு மும்பையில் ஓப்பரா ஹவுஸ் பகுதியும் குர்லாவும், தில்லியில் காஷ்மீரி கேட்டும், கொல்கத்தாவில் மல்லிக் பஜாரும் பெயர் பெற்றவை. விடுமுறைக்கு ஊர் செல்வோர் சென்னைப் புதுப்பேட்டையை மறக்க வேண்டா. நம் மொழியிலேயே பேரம் பேசலாம் என்பது அங்குள்ள தனி வசதி. பழைய உறுப்பைக் கையோடு கொண்டு சென்று ஒப்பிட்டு வாங்க வேண்டும். கதவுக் கைப்பிடி, கண்ணாடி போன்றவற்றைப் பழையதாக வாங்கலாம். பிரேக், ஸ்டியரிங் உறுப்புகளைப் புதியனவாகவே வாங்க வேண்டும்.

சட்டம் கூறுவது

சொந்தக் காரின் முதற்பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும். அதன்பின் தகுதிச் சோதனையில் தேறினால் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கலாம். 2022 ஏப்ரல் முதல் இதற்குக் கட்டணம் 5,000 ரூபாய். 20 ஆண்டு கடந்த கார்களுக்கு 2025 ஆகஸ்டில் அது 10,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. மகாராஷ்டிரத்தில் சுற்றுச்சூழல் வரி தனி. தில்லித் தலைநகர்ப் பகுதியில் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகள் பற்றித் தனிக் கட்டுப்பாடு உண்டு. நீதிமன்ற ஆணைகள் 2025-ஆம் ஆண்டிலும் மாறியுள்ளன. அங்குள்ள அன்பர்கள் செலவில் இறங்குமுன் அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

50 ஆண்டு கடந்த வண்டிகளைத் தொன்மை வண்டிகளாகப் பதிய 2021-இல் விதி வகுக்கப்பட்டது. என்ஜினும் உடலும் பெரிதும் மாற்றப்படாமல் இருத்தல் அதற்கு நிபந்தனை. அவ்வாறு பதிந்த வண்டியைக் கண்காட்சி, பேரணி முதலியவற்றுக்கன்றி அன்றாடம் ஓட்ட இயலாது. எனினும், டீசல் என்ஜினை மாட்டினால் சிக்கனம் என்று சொல்வோர் பேச்சைக் கேளாதிருக்க இவ்விதி நல்லதொரு காரணம். பிறந்த என்ஜினோடு இருப்பதே பழைய வண்டியின் பெருமை.

எங்கள் வேலை பதினான்கு ஞாயிற்றுக்கிழமைகளில் முடிந்தது. வண்டி சோதனையிலும் தேறியது. அக்காலமெல்லாம் பதினைந்து வயதுப் பேரன் திறன்பேசியை வைத்துவிட்டு ஸ்பானர் எடுத்துக் கொடுத்தான். தகப்பனார் நோட்டுப் புத்தகத்தில் விட்ட இடத்தினின்றும் இப்போது அவனே எழுதுகின்றான். தமிழ் எழுதத் தயங்கியவன், பாட்டனார் சொல்லச் சொல்லத் தமிழிலேயே எழுதுகின்றான்.

எல்லாப் பழைய வண்டிகளும் காக்கத் தக்கன என்று நாம் கூறவில்லை. உளுத்ததை வணங்கி விடைகொடுப்பதும் அறிவுடைமையே. ஆயினும் விலை பேசுமுன் ஒரு ஞாயிறு கம்பளத்தை எடுத்துத் தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலித்தால், நன்கு யோசித்த பின்னரே வியாபாரிக்கு விடை சொல்லுங்கள்.