குழப்படியா, மனவடுவா? சிறு பிள்ளைகளின் நடத்தையை விளங்கிக்கொள்வோம்



"இவன் சரியான குழப்படி, சொல்வழி கேட்க மாட்டான்" என்று ஒரு வீட்டில் கவலைப்படுகிறோம். "இவள் சத்தமே போடாத நல்ல பிள்ளை" என்று இன்னொரு வீட்டில் பெருமைப்படுகிறோம். சில வேளைகளில் இந்த இரண்டு பிள்ளைகளின் நடத்தைக்கும் ஒரே காரணம் இருக்கக்கூடும். அதைத்தான் மனவடு என்கிறோம். நான் மருத்துவன் அல்லன், கணக்கு எழுதுபவன். எனினும் பெற்றோர் யாவரும் அறிந்திருக்க வேண்டிய விடயம் என்பதால், வானலையில் சொன்னதை இங்கே சுருக்கித் தருகிறேன்.

உயிருக்கோ உறவுக்கோ பெரும் ஆபத்து என்று உணரும்போது உடல் தப்பி ஓடவோ எதிர்த்து நிற்கவோ ஆயத்தமாகிறது. இரண்டும் முடியாவிட்டால் உறைந்து போகிறது. ஆபத்து நீங்கியதும் இந்த நிலை அடங்க வேண்டும். அது அடங்காமல் தொடர்வதே மனவடுவின் அடிப்படை. பெரியவர் அதை வாயால் சொல்லுவார். மூன்று வயதுப் பிள்ளைக்குச் சொல்ல வார்த்தை இல்லை; நடத்தையால் சொல்லுகிறது.

"போர் நடந்தது அங்கே, பிள்ளை பிறந்தது ஸ்டுட்கார்ட்டில். இது எங்களுக்கு எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். வீதி விபத்து, திடீர் மரணம், வீட்டுக்குள் நடக்கும் அடிதடி ஆகியவை இங்கேயும் உண்டு. அத்தோடு, சிறு பிள்ளை பெற்றோரின் முகத்தைப் பார்த்தே உலகம் பாதுகாப்பானதா என்று அறிகிறது. புதுவருட இரவில் வாணம் வெடிக்கும்போது அப்பப்பா நடுங்கினால், காரணம் தெரியாமலே பேரப்பிள்ளையும் அஞ்சும்.

எங்கள் பாடன்-வூர்ட்டம்பேர்க் மாநிலத்திலுள்ள கொன்ஸ்டன்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இலங்கையின் வடகிழக்கில் தமிழ்ப் பாடசாலைப் பிள்ளைகள் 296 பேரைச் சந்தித்து 2008இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 82.4 வீதமான பிள்ளைகள் போர் நிகழ்வொன்றையேனும் அனுபவித்திருந்தார்கள். 95.6 வீதமானோர் குடும்பத்துக்குள் துன்புறுத்தல் ஒன்றையேனும் சந்தித்ததாகக் கூறினார்கள். தந்தையின் மதுப்பழக்கமும் போர் அனுபவமும் அத்துன்புறுத்தலோடு தொடர்புபட்டிருந்தன. போர் வெளியில் மட்டும் நடக்கவில்லை என்பதே இக்கணக்கு சொல்லும் பாடம்.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் இவற்றைப் பாருங்கள்:

- சந்தோசமில்லாமல் ஒரே விளையாட்டைத் திரும்பத் திரும்ப விளையாடுதல். மோதும் கார், இறந்துபோகும் பொம்மை, விழும் வீடு.
- பழகிய பழக்கங்கள் பின்னோக்கிப் போதல். படுக்கையை நனைத்தல், விரல் சூப்புதல், பேசிய சொற்களை விடுதல்.
- நித்திரையில் அலறி எழும்புதல், தனியே படுக்க மறுத்தல்.
- அம்மாவை ஒரு கணமும் விடாமல் ஒட்டிக்கொள்ளுதல்.
- சிறு சத்தத்துக்கும் திடுக்கிடுதல், காரணமில்லாத கோபம், அடித்தல், கடித்தல்.
- விளையாட்டில் சேராமல் வெறித்துப் பார்த்தபடி இருத்தல். இதைத்தான் நாங்கள் "நல்ல பிள்ளை" என்று தவறவிடுகிறோம்.
- மருத்துவக் காரணம் காணப்படாத வயிற்றுவலி.

இவற்றில் ஒன்றிரண்டு எல்லாப் பிள்ளைகளிலும் வந்துபோகும். தம்பி தங்கை பிறந்தாலும் வரும், காது சரியாகக் கேளாவிட்டாலும் வரும். ஒரு பெரிய சம்பவத்துக்குப் பிறகு தொடங்கி, ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து, வீட்டையும் கிண்டர்கார்டனையும் பாதித்தால் உதவி தேடுங்கள். பிள்ளை தன்னையோ பிறரையோ கடுமையாகக் காயப்படுத்தினாலும், சாப்பாட்டையும் பேச்சையும் விட்டாலும் ஒரு மாதம் காத்திருக்க வேண்டாம்.

என் தொழில் வழியில் ஒரு யோசனை. இரண்டு கிழமைக்கு ஒரு கொப்பியில் நான்கு நிரல் போட்டு எழுதுங்கள்: எப்போது நடந்தது, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தது, எதனால் அமைதியானது. மருத்துவரிடம் "எப்போதும் அழுகிறான்" என்று சொல்வதைவிட இந்தக் கொப்பி நூறு மடங்கு பயன் தரும்.

வீட்டில் செய்யக்கூடியவை

சாப்பாடு, குளிப்பு, நித்திரை நாள்தோறும் ஒரே ஒழுங்கில் நடக்கட்டும். அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்தால் பிள்ளையின் பயம் குறையும். படுக்கையை நனைத்ததற்கு ஏசாதீர்கள். கதைக்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். கேட்டால் உண்மையைச் சிறு சொற்களில் சொல்லுங்கள். அடிக்கவே கூடாது. அடி ஏற்கெனவே இருக்கும் அச்சத்தைக் கூட்டும். யேர்மனியில் 2000ஆம் ஆண்டிலிருந்து வன்முறையற்ற வளர்ப்பு பிள்ளையின் சட்டபூர்வ உரிமையுமாகும்.

இன்னொன்று. மே மாதத்தில் 2009இன் காட்சிகளை வீட்டுத் தொலைக்காட்சியில் பார்க்கிறோம். நினைவுகூர்வது எங்கள் கடமை. ஆனால் மூன்று வயதுப் பிள்ளைக்கு அது கடந்த காலம் என்று தெரியாது. இப்போது, பக்கத்தில் நடப்பதாகவே எண்ணும். விளக்கேற்றும்போது பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளுங்கள், காணொளியை அது நித்திரையான பின் பாருங்கள்.

நூல் கட்டுவதும் நேர்த்தி வைப்பதும் பெற்றோரின் மனதுக்கு ஆறுதல் தரலாம். ஆனால் அவை மருத்துவத்துக்குப் பதிலாகா.

எங்கே போவது?

முதலில் பிள்ளையின் மருத்துவரிடம். மூன்று, நான்கு, ஐந்து வயதளவில் வரும் யூ-7ஆ, யூ-8, யூ-9 பரிசோதனைகளில் நடத்தை பற்றியும் சொல்லுங்கள். அவர் ஸ்டுட்கார்ட் ஓல்கா மருத்துவமனையின் சிறுவர் வளர்ச்சிப் பிரிவுக்கு அனுப்ப முடியும். சிறுவர் உளச்சிகிச்சையாளரின் முதற்சந்திப்புக்கு மருத்துவரின் கடிதம் தேவையில்லை. 116117 என்ற இலக்கத்தில் நேரம் கேட்கலாம். குடும்ப ஆலோசனை நிலையங்களில் சேவை இலவசம், இரகசியமும் காக்கப்படும். "யூகெண்ட்அம்ட் பிள்ளையைப் பறித்துவிடும்" என்ற பயத்தில் விலகி நிற்காதீர்கள். ஆலோசனை கேட்பது குற்றமல்ல. போர் அனுபவம் உள்ள குடும்பங்களுக்கு ரெஃபுகியோ ஸ்டுட்கார்ட் என்ற நிலையம் உண்டு. மூத்த பிள்ளையை மட்டும் மொழிபெயர்ப்பாளர் ஆக்காதீர்கள். அந்தச் சுமை அதன் மனதையும் தாக்கும்.

முடிவாக ஒரு நல்ல செய்தி. அதே கொன்ஸ்டன்ஸ் ஆய்வாளர்கள் சுனாமிக்குப் பின் வடகிழக்கில் 8 முதல் 14 வயது வரையான 31 பிள்ளைகளுக்கு, பயிற்சி பெற்ற உள்ளூர் உளவளத்துணையாளர்கள் மூலம் ஆறு அமர்வுகள் நடத்தினார்கள். ஒரு பகுதியினர் தம் கதையைச் சொன்னார்கள், மற்றவர்கள் தியானமும் தளர்வுப் பயிற்சியும் செய்தார்கள். ஆறு மாதத்தின் பின் முதற்குழுவில் 81 வீதமானோரும் மற்றக் குழுவில் 71 வீதமானோரும் குணமடைந்திருந்தார்கள். சிறியவர்களுக்கு விளையாட்டு வழியான சிகிச்சைகள் உண்டு. மனவடு ஆறக்கூடியது. அதற்கு நாம் முதலில் அதை அடையாளம் காண வேண்டும்.

அடுத்த மாத உரையில் மீண்டும் சந்திப்போம்.