அம்மனுக்குக் கவசம்: விலை பேசுவது எப்படி?

போடிமெட்டு ஏலத் தோட்டங்களுக்கு விடியற்காலையில் ஜீப் ஏறிப் போகும் பெண்களும், வீட்டோடு இருக்கும் நாங்களுமாகச் சேர்ந்து, எங்கள் தெரு அம்மனுக்கு வெள்ளிக் கவசம் செய்யப் பணம் சேர்த்தோம். ஆசாரி வந்து சிலையை ஒரு பார்வை பார்த்தார். "ஒன்றரைக் கிலோ பிடிக்கும், மொத்தமா இவ்வளவு" என்றார். நாங்கள் தலையாட்டப் போனோம். காய் எடுக்கப் போகும் அக்கா ஒருத்தி மட்டும், "தம்பி, வெள்ளிக்கு எவ்வளவு, கூலிக்கு எவ்வளவு? பிரிச்சுச் சொல்லுங்க" என்றாள்.

வீட்டுக்கு வந்து நானும் கணக்குப் போட்டேன். அரை மில்லிமீட்டர் கனத்தில் ஒரு சதுர அடி வெள்ளித் தகடு சுமார் 490 கிராம் இருக்கும். எங்கள் அம்மன் 2 அடி உயரம், முக்கால் அடி அகலம். மேடு பள்ளத்தையும் சேர்த்தால் 2 சதுர அடி. அப்படியானால் ஒரு கிலோ போதுமே! மறுநாள் கேட்டதும் ஆசாரியும் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்.

சகோதரிகளே, நீங்களும் இவற்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்:

* தகட்டின் கனம் என்ன? வெள்ளியின் தரம் என்ன?
* அடியில் செம்புத் தகடு உண்டா? உண்டென்றால் பொருத்தும் முன்பே வெள்ளியைத் தனியாக எடை போடுங்கள்.
* சேதாரம் எவ்வளவு? வெட்டிய துண்டுகள் யாருக்கு?
* வெள்ளிச் சாமானுக்கு 2017 முதல் 3 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு. சொன்ன விலையில் அது சேர்ந்ததா?

கூலியில் மட்டும் ரொம்பப் பேரம் பேசாதீர்கள். அரக்கில் பதித்து உளியால் ஒவ்வொரு மடிப்பாகத் தட்டி எடுக்கிற வேலை அது. கண்ணும் கையும் நோகும்.

எடையோடு ரசீது வாங்க மறக்காதீர்கள். கவசம் அம்மனுக்கு என்றால், ரசீது நமக்கு!