கிண்ணத்தின் விளிம்பு

2025 ஆகஸ்டு மாதத்தோடு ஒரு தவணை முடிவதாக இரண்டே வரிகளில் நாம் வெளியிட்ட குறிப்பைக் கண்டு காரைக்கால், திருநள்ளாறு, நிரவி முதலிய ஊர்களிலிருந்து வந்து சேர்ந்த கடிதங்களைப் படிக்கையில், இடுப்பு மூட்டு மாற்றிக்கொண்ட பலரும் தம் உடம்பில் விஷம் ஊறுவதாகக் கலங்கியிருப்பதும், முழங்கால் மாற்றிக்கொண்டவர்களையும் அந்தக் கலக்கம் பற்றிக்கொண்டிருப்பதும், மெய்யாகவே விசாரிக்க வேண்டியவர்கள் ஒருவேளை கடிதமே எழுதாமல் இருக்கக்கூடும் என்பதும் ஒருங்கே புலப்பட்டன. விஷயம் ஒரே ஓர் உபகரணத்தைப் பற்றியது. ஜான்சன் அண்ட் ஜான்சனைச் சேர்ந்த டிபூய் நிறுவனம் பந்து, கிண்ணம் இரண்டையும் கோபால்ட்–குரோமியக் கலப்பு உலோகத்தாலேயே செய்து விற்ற ‘ஏ.எஸ்.ஆர்.’ என்னும் மூட்டுதான் அது. 2004 முதல் 2010 வரை இந்தியாவில் சுமார் 4,700 பேருக்கு அது பொருத்தப்பட்டது. அவர்களை ஆண்டுக்கொரு முறை பரிசோதிக்க வேண்டும், 2025 ஆகஸ்டுக்குள் மறு அறுவை தேவைப்பட்டால் நிறுவனமே பொறுப்பேற்க வேண்டும் என்று மத்திய சர்க்கார் நியமித்த டாக்டர் அருண் அகர்வால் குழு 2018ஆம் ஆண்டு அறிக்கையில் சொல்லிற்று. நாம் குறித்த தவணை அதுவே.

இந்த மூட்டு எப்படித் தோற்றது என்பதைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் அது அசட்டையால் விளைந்த தோல்வியன்று, அளவுகடந்த சாமர்த்தியத்தால் விளைந்தது. 1962இல் இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி என்னும் வைத்தியர் சிறிய உலோகப் பந்தைப் பாலிஎத்திலீன் கிண்ணத்தில் சுழல விட்டபோது இந்தச் சிகிச்சை நிலைபெற்றது என்றாலும், அந்தப் பிளாஸ்டிக் ஆண்டுக்கணக்கில் தேய்ந்து, அதன் தூள் சுற்றியுள்ள எலும்பை அரித்து மூட்டைத் தளர்த்திவிடும் என்ற குறை இருந்தது. வயதில் இளையவர்களுக்கு நெடுநாள் உழைக்கும் மூட்டு வேண்டும் என்ற நியாயமான ஆசையினால் உலோகத்தின் மேல் உலோகம் என்ற பழைய யோசனைக்கு 1990களில் மறுபடி உயிர் வந்தது. வண்டி அச்சுக்கு மை போட்டால் இரும்பு இரும்பைத் தின்னாது என்பதை நம் குடியானவர் அறிவர். அதே தத்துவப்படி, நன்கு மெருகிட்ட பந்துக்கும் கிண்ணத்துக்கும் இடையில் உடம்பின் நீரே மெல்லிய படலமாக நின்று இரண்டையும் காக்கும் என்று எதிர்பார்த்தார்கள்.

அந்தப் படலம் பாரம் கிண்ணத்தின் நடுப்பாகத்தில் இறங்கும் வரையில்தான் நிற்கும். ஏ.எஸ்.ஆர். கிண்ணத்தையோ, அரைக்கோளத்துக்கும் குறைவான ஆழத்தில் அமைத்தார்கள். பொருத்தும் கருவி பற்றிக்கொள்வதற்காக உள்விளிம்பில் ஒரு பள்ளம் வெட்டியதால், உழைக்கும் பரப்பு இன்னும் குறுகியது. படலம் நன்றாக அமையட்டும் என்று பந்துக்கும் கிண்ணத்துக்கும் உள்ள இடைவெளியை மிகவும் குறைத்ததால், பந்து படும் இடம் விரிந்து விளிம்பை நெருங்கியது. கிண்ணம் சற்றே செங்குத்தாக அமர்ந்துவிட்டாலும் (எந்தக் கைதேர்ந்த வைத்தியருக்கும் அது நேரக்கூடியதே), நடக்கும் ஒவ்வோர் அடியிலும் உடம்பின் பாரம் அந்த மெல்லிய விளிம்பின்மேல் இறங்கும். படலம் அறுந்து உலோகம் உலோகத்தைச் சுரண்டும். கிண்ணம் சிறுக்கச் சிறுக்க இந்தப் பரப்பும் சிறுத்தது என்பதும், ஆகவே பெண்களிடத்தும் சிற்றுடல் கொண்டவர்களிடத்தும் தோல்வி மிகுந்தது என்பதும் எனக்கு ஆறாத வருத்தம் தருகின்றன; நம் பக்கத்துப் பெண்களின் எலும்பு எவ்வளவு சிறியது!

சுரண்டி உதிரும் துகள் கண்ணுக்குத் தெரியாத நுண்மையானது. அதை விழுங்கி அழிக்கப் பார்க்கும் உயிரணுக்கள் தாமே அழிகின்றன, தசை கருகுகிறது, கட்டி போன்ற வீக்கம் உண்டாகிறது, கோபால்ட் இரத்தத்தில் கலக்கிறது. வலியே இல்லாமலும் இது நடக்கும், சாதாரண எக்ஸ்ரேயில் எல்லாம் ஒழுங்காக இருப்பதுபோலவே தோன்றும் என்பதால்தான், வலியில்லாதவர்களுக்கும் பரிசோதனை வேண்டுமென்கிறோம்.

இனி உத்தியோகபூர்வமான சில சொற்கள். ‘தானாக முன்வந்து திரும்பப் பெறுதல்’ என்றால், ஆஸ்திரேலியாவின் மூட்டுப் பதிவேடு பல ஆண்டுகள் எச்சரித்து, 2009 டிசம்பரில் அங்கே விற்பனை நின்று, ஐந்தே ஆண்டில் நூற்றுக்குப் பன்னிரண்டு பதின்மூன்று மூட்டுகள் தோற்றதை இங்கிலாந்தின் பதிவேடும் காட்டிய பிறகு, 2010 ஆகஸ்டில் கடையிலிருந்து சரக்கை எடுத்துக்கொள்வது என்று பொருள். உடம்புக்குள் இருப்பதை யாரும் திரும்பப் பெறுவதில்லை. ‘அனுமதி பெற்றது’ என்றால், அமெரிக்காவில் இதன் ஒரு வகைக்கு 2005இல் நடந்ததுபோல, முன்னமே விற்பனையிலுள்ள வேறொன்றை ஒத்திருக்கிறது என்று காகிதத்தில் காட்டியது. மனிதரிடம் சோதித்து நிரூபித்தது என்று கொள்ளலாகாது. ‘திருத்த அறுவை’ என்றால், எலும்பில் வேரூன்றியதைப் பெயர்த்தெடுத்து, முன்னிலும் நலிந்த எலும்பில் வேறொன்றை நாட்டுவது. ‘கண்டறிய இயலாதவர்கள்’ என்ற சொல்லுக்கு மட்டும் நான் விளக்கம் தர முடியாமல் நிற்கிறேன்: அந்த 4,700 பேரில் ஏறக்குறைய 3,600 பேர் எங்கே இருக்கிறார்கள் என்று தெரியவில்லை என்றது குழு. ஒரு பதிவேடு ஆஸ்திரேலியாவில் இந்தத் தீங்கை வெளிப்படுத்திற்று. இங்கே எல்லா மருத்துவமனைகளையும் கட்டாயமாகப் பிணைக்கும் பதிவேடு இல்லாமையால், தீங்குற்றவர்களின் பெயர்கூடக் கிடைக்கவில்லை.

நம் ஊரார் நிலை இன்னும் கடினம். ஒருபுறம் கடலும் மற்றப் புறங்களில் தமிழ்நாடும் சூழ்ந்த சிறு நிலம் காரைக்கால். பெரிய அறுவைக்குத் தஞ்சாவூருக்கோ புதுச்சேரிக்கோ சென்னைக்கோ போய்வந்தவர்களின் உடம்பு இங்கே இருக்க, ஏடுகள் அங்கே இருக்கின்றன. பெட்டியைத் திறந்து பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடுங்கள். அதில் உபகரணத்தின் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். இல்லையென்றால், அறுவை செய்த மருத்துவமனையின் பதிவுப் பிரிவுக்கு எழுத்தில் விண்ணப்பியுங்கள்.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாக:

முழங்கால் மாற்றியவர்கள்? இந்த விஷயம் உங்களைச் சேர்ந்ததன்று.

2010க்குப் பின் இடுப்பு மாற்றியவர்கள்? ஏ.எஸ்.ஆர். ஆக இருக்க ஏதுவில்லை. ஸ்டிக்கரை மட்டும் பார்த்துவிடுங்கள்.

பாலிஎத்திலீன் அல்லது பீங்கான் என்று எழுதியிருக்கிறதே? ஏ.எஸ்.ஆர். அன்று.

என்ன பரிசோதனை? இரத்தத்தில் கோபால்ட், குரோமிய அளவு; லிட்டருக்கு 7 மைக்ரோகிராமுக்கு மேற்பட்டால் மேல்விசாரணை, தேவையானால் எம்.ஆர்.ஐ.

நஷ்ட ஈடு எவ்வளவு? வயதையும் ஊனத்தையும் கொண்டு 30 லட்சம் முதல் 1.23 கோடி ரூபாய் வரை என்று 2018 நவம்பரில் சர்க்கார் சூத்திரம் வகுத்தது.

கிடைத்ததா? சூத்திரத்தை எதிர்த்து நிறுவனம் டில்லி ஹைகோர்ட்டுக்குப் போயிற்று. 2019 மே மாதத்தில் 67 பேருக்குத் தலா 25 லட்சம் தர இசைந்தது.

நோயாளி காலமாகிவிட்டால்? காகிதங்களை எறிய வேண்டாம்.