எட்டு இலக்கமும் ஓர் எழுத்தும்

எமது வீட்டின் பின்வளவிலே, கறுத்தக்கொழும்பான் மாமரத்தின் கீழ், பதினெட்டு ஆண்டுகளாக ஒரு வண்டி அசையாது நின்றது. 1964 இற் செய்யப்பட்ட லாண்ட் றோவர் அது. கோழிகள் அதனுள் முட்டையிட்டன. மாரிகாலத்தில் அதன் கூரையிலிருந்து வடியும் நீரை அம்மா வாளியிற் பிடித்துப் பூஞ்செடிகளுக்கு ஊற்றுவார். பழைய இரும்பு வாங்குவோர் மாதத்துக்கு ஒருவராவது படலையடியில் நின்று, "அம்மா, உதைத் தாறியளோ?" என்று கேட்டுப் போவதுண்டு. "அது ஐயாவின்ர" என்பதே ஒவ்வொரு முறையும் அவருடைய மறுமொழி.

ஐயா அதனை 1974 இல் ஓர் ஏலத்தில் வாங்கினார். கிளிநொச்சியில் எமக்குச் சிறிது வயல் இருந்தது. விதை நெல்லும் உரமும் ஏற்றிக்கொண்டு ஆனையிறவு வழியாக அவர் போய்வந்த பயணங்களுக்குக் கணக்கில்லை. உப்பளக் காற்றும் கடனீரேரிச் சேறும் இரும்பை என்ன செய்யும் என்பதை யாழ்ப்பாணத்தாருக்குச் சொல்லத் தேவையில்லை. 2003 இல் ஐயா காலமானார். அன்று நிறுத்தியது நிறுத்தியபடியே இருந்த வண்டியை 2021 ஆம் ஆண்டு தை மாதத்தில், எமது தம்பியும் அயற் பிள்ளைகள் அறுவரும் துணைநிற்க, முன்புறத்துக் கராச்சுக்குள் தள்ளிச் சேர்த்தோம். நான்கு ரயர்களும் தட்டையாயிருந்தமையால் அந்த நாற்பது முழத் தூரத்துக்கு ஒரு பகற்பொழுது சென்றது.

வெளிப்பார்வைக்கு வண்டி மோசமாகத் தோன்றவில்லை. அதற்குக் காரணம் உண்டு. இரண்டாவது உலகப் போர் முடிந்த காலத்தில் இங்கிலாந்தில் உருக்குக்குப் பெருந் தட்டுப்பாடு நிலவியது. றோவர் கம்பனியின் பொறியியலாளர் மொறிஸ் வில்க்ஸ், தமது பண்ணையில் ஓடிய பழைய அமெரிக்க ஜீப்பைக் கண்டு இப்புதிய வண்டியைத் திட்டமிட்டபோது, உடற்பகுதிக்கு அலுமினியக் கலப்புலோகத்தைத் தெரிந்துகொண்டார். 1948 ஏப்ரல் 30 இல் அம்ஸ்ரடாம் கண்காட்சியில் முதன்முதல் வைக்கப்பட்ட நாள்முதல், லாண்ட் றோவரின் மேற்சட்டை அலுமினியம், எலும்பு உருக்கு. அலுமினியத்துக்குக் கறள் பிடிப்பதில்லை. ஆகவே சட்டை பளபளக்க, எலும்பு உளுத்துக்கொண்டே போகும். பார்ப்பவனை ஏமாற்றுவதில் இவ்வண்டிக்கு நிகரில்லை என்போம்.

அலுமினியமும் முற்றிலும் தப்புவதில்லை. இரு வேறு உலோகங்கள் தொடுமிடத்தில் உப்புநீர் பட்டால் அங்கு ஒரு சிறு பற்றரிபோல மின்னோட்டம் உண்டாகிறது. அதில் அலுமினியமே கரைகிறது. உருக்கு விளிம்புகளைச் சுற்றி வெண்ணிறத் தூள் படிந்திருந்தது அதனாலேயே.

அடிச்சட்டத்தைச் சோதிக்கப் பெருங் கருவி எதுவும் வேண்டாம். சுத்தியல் ஒன்று போதும். நான்கு உருக்குத் தகடுகளைப் பெட்டிபோல இணைத்துச் செய்த உள்வெற்றுச் சட்டம் அது. உள்ளே புகுந்த சேறு வெளியேறாமல் ஈரத்தைப் பிடித்துக்கொள்வதால் கறள் உள்ளிருந்து வெளியே தின்கிறது. நல்ல இடத்திற் சுத்தியல் 'கிண்' என்று ஒலித்தது. கெட்ட இடத்திற் 'பொத்' என்றது. பின்புறக் குறுக்குச் சட்டத்தில் மூன்றாவது அடிக்குச் சுத்தியலே உள்ளே போய்விட்டது. சாரதி கால்வைக்கும் தகட்டினூடாக நிலத்தைப் பார்த்தோம்.

நகரத்துக் கராச் ஒன்றில் விசாரித்தபோது, ஓட்டைகளுக்குப் பசை அடைத்து, தேய்த்து, வர்ணம் பூசி இரண்டு கிழமையிற் புதுவண்டியாகத் தருவதாகச் சொன்னார்கள். கேட்ட தொகையும் அதிகமில்லை. அம்மா ஆசைப்பட்டார். நாமும் ஓரிரவு அதைப்பற்றி யோசித்தோம் என்பதை மறைப்பானேன்? ஆனால் பிள்ளைகளை ஏற்றிச் செல்லப்போகும் வண்டியில் வில்லுத்தகட்டைத் தாங்கும் இடம் பசையினால் ஆனதாக இருத்தல் தகுமா?

ஆகவே கழற்றத் தொடங்கினோம். கூரை, கதவு, முன்பக்கத் தகடுகள் யாவும் ஆணிகளாற் பூட்டப்பட்டவையே. வீட்டுக் கராச்சில் இவ்வேலை சாத்தியமாவது அதனாலேதான். ஆனால் இவ்வண்டியின் ஆணிகள் அங்குலக் கணக்கில் அமைந்தவை. அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீற்றர். எம்மிடமிருந்த 13 மில்லிமீற்றர் ஸ்பனர் சரியாகப் பொருந்துவதுபோலப் போக்குக் காட்டி, பலமாய் முறுக்கியதும் தலையை மழுக்கிவிட்டது. பதினொரு ஆணிகளை இவ்வாறு கெடுத்த பின்னரே அங்குல ஸ்பனர் தேடி அலைந்தோம். சுக்கானின் நடுவிலுள்ள பெட்டியை மட்டும் நாம் திறக்கவில்லை. அதனுள் வலுவான சுருள்வில் ஒன்று அமுக்கி வைக்கப்பட்டிருக்கிறது; அறியாமற் கழற்றினால் துப்பாக்கிக் குண்டுபோலப் பாயும்.

அடிச்சட்டத்தின் இடப்புறத்தில் ஒரு முழ நீளத்துக்கு வேறொரு தகடு போர்த்தியிருக்கக் கண்டோம். தார்ப் பீப்பாவை வெட்டித் தட்டிய தகடு. உருக்கி ஒட்டப்படவில்லை, கையாலே துளையிட்டு ஆணி முறுக்கப்பட்டிருந்தது. 1990 இன் பின் குடாநாட்டில் மின்சாரம் ஏது? ஐயா வேறென்ன செய்வார்? அக்காலத்திற் பெற்றோலும் இல்லை. சிறு போத்தலிற் சேமித்த சில துளி பெற்றோலால் எஞ்சினைக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டிய காலம் அது. 1995 ஒக்ரோபர் 30 ஆந் திகதி இரவு, மழைக்குள், வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி நடந்தபோது, அம்மம்மா உட்படப் பதினொருவரை ஏற்றி இவ்வண்டி சாவகச்சேரிவரை ஆட்களின் நடைவேகத்தில் ஊர்ந்தது. அன்று அதைத் தாங்கியது அந்தப் பீப்பாத் தகடு.

ஆயினும் உண்மையைச் சொல்லவேண்டும். பிழையான வேலை அது. இரு தகடுகளுக்கிடையில் நீர் தேங்கி, பழைய சட்டத்தை அகலமாகத் தின்றிருந்தது. வெட்டி எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. தம்பி வெட்டும் இயந்திரத்தை எம்மிடம் நீட்டிவிட்டு வெளியே போய்விட்டான்.

வெட்டுவதற்கு முன் ஒட்டுவேலை செய்யும் முதியவர் ஒருவர் எம்மைத் தடுத்தமை பெரும் புண்ணியம். "தம்பி, நம்பர் எங்க எண்டு பாத்தியளோ?" என்றார். அடிச்சட்ட எண் முன்புற வலது வில்லுத்தாங்கியிற் பொறிக்கப்பட்டிருக்கும். பதிவுப் புத்தகத்திலுள்ள எண்ணோடு அது ஒத்திருந்தாலன்றி வண்டிக்கு ஆள் அடையாளம் இல்லை. கறளைப் போக்கவென நாம் தேய்ப்புச் சக்கரத்தை அவ்விடத்தில் வைத்திருந்தால், ஐயாவின் வண்டி ஒரு நிமிடத்திற் பெயரற்ற இரும்பாகியிருக்கும்.

அவ்விடத்தில் ஓர் இலக்கமும் தெரியவில்லை. செங்கறட் பொருக்கு மாத்திரமே. முதியவர் சொன்னபடி வினாகிரியில் நனைத்த துணியைச் சுற்றி, ஈரம் உலராதபடி பொலித்தீனாற் கட்டி, நாளுக்கு ஒருமுறை பித்தளைத் தூரிகையால் மெல்லத் தேய்த்தோம். வினாகிரியின் அமிலம் கறளைக் கரைக்கும். உலோகத்தைப் பெரிதும் தொடாது. நான்காம் நாளிரவு டோர்ச் விளக்கைப் பக்கவாட்டிற் சரித்துப் பிடித்தபோது நிழல் விழுந்து மூன்று இலக்கங்கள் எழுந்தன. ஏழாம் நாள் ஏழு இலக்கங்களும் ஈற்றெழுத்தும். எட்டாவது இலக்கம் 3 ஆ, 8 ஆ?

அம்மா உள்ளே சென்று காணி உறுதிகள் வைக்கும் பையைக் கொண்டுவந்தார். 1995 இல் வீட்டை விட்டுப் புறப்படும்போது தோளில் மாட்டிய அதே பை. பதிவுப் புத்தகத்தை விரித்தார்: 8. மேலும் இரண்டு நாள் வினாகிரி வைத்த பின்னர், 3 என மயங்கியதன் இடப்புறம் மூடிக்கொண்டது. சோடா மாக் கரைசலாற் கழுவி, உலர்த்தி, கிறீஸ் பூசினோம். முன்புறத் துண்டை அப்படியே வைத்துக்கொண்டு, பின்னுள்ள உளுத்த பகுதிகளுக்கு மாத்திரம் புதிய தகடு ஒட்டுவதென முடிவாயிற்று. ஒட்டுவேலைக்கு முன் பெற்றோல் தாங்கியை வளவின் மறுகோடிக்குக் கொண்டுபோனோம். வெறுந்தாங்கி நிறைந்த தாங்கியைவிட ஆபத்தானது. அதில் நிற்பது ஆவி.

சிறு உறுப்புகளுக்குப் பிளாஸ்ரிக் பீப்பாவும் சலவைச் சோடாவும் பற்றரி மின்னேற்றியும் போதுமாயிருந்தன. கறள் பிடித்த உறுப்பை எதிர்முனையிலும், கழிவு இரும்பை நேர்முனையிலும் கட்டி நீரில் அமிழ்த்தினால், ஓரிரவிற் கறள் கறுத்துக் கழன்றுவிடும். கழிவு இரும்புக்குப் பதிலாகத் துருப்பிடியாத உருக்கைக் கட்டலாகாது. நச்சுக் குரோமியம் நீரிற் கலக்கும். ஐதரசன் வாயு எழுவதால் அருகில் நெருப்பும் ஆகாது. பழைய பிரேக் பட்டைகளில் அஸ்பெஸ்ரஸ் இருக்கக்கூடுமாதலின் தூளை ஊதாமல், நனைத்துத் துடைத்தோம்.

எஞ்சின் எதிர்பார்த்ததைவிட நல்லபடியாக இருந்தது. மண்ணெண்ணெய்ப் புகைக்கரி தடிப்பாகப் படிந்திருந்தது. மூன்றாவது பிஸ்ரன் இறுகியிருந்தது. பிளக் துளைகள் வழியே டீசலை ஊற்றி ஒன்பது நாள் காத்திருந்து, முன்புறக் கைப்பிடியால் அசைத்தோம். பத்தாம் நாள் 'கறக்' என்ற ஒலியோடு சுழன்றது. பற்றரியைப் பூட்டும்போது இன்னொரு விபத்துத் தப்பியது. அக்காலத்து வண்டிகளிற் பற்றரியின் நேர்முனையே உடலோடு இணைவது. இன்றைய வழக்கப்படி எதிர்முனையை இணைக்கப்போன எம்மை மகன் கைப்புத்தகத்தைக் காட்டி நிறுத்தினான்.

2022 ஆவணியில், நாடெங்கும் எரிபொருள் வரிசைகள் நீண்டிருந்த வேளையில், பங்கீட்டிற் கிடைத்த பெற்றோலில் ஒன்றரை லீற்றரை ஊற்றி எஞ்சினைக் கிளப்பினோம். வெண்புகை கராச்சை நிறைத்தது. அம்மா வாசலிற் கதிரை போட்டிருந்து சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டார். "இன்னும் மண்ணெண்ணெய் மணக்குது" என்றார். எமக்கு அப்படித் தோன்றவில்லை. என்றாலும் மறுத்துப் பேசவில்லை.

வர்ணம் இன்னும் பூசவில்லை. பழைய பச்சையே வேண்டுமென்று அம்மாவும், மணல் நிறம் வேண்டுமென்று மகனும் வழக்காடுகிறார்கள். அதனினும் அவசரமானது பிரேக்: அழுத்தினால் வண்டி இடப்பக்கம் இழுக்கிறது. வலப்புறச் சில்லின் உருளையில் எண்ணெய் கசிவதாகத் தெரிகிறது. அது திருந்தும்வரை படலைக்கு அப்பால் வண்டியை எடுப்பதில்லை என்று சாவியை அம்மா வாங்கி அந்தப் பைக்குள் வைத்துக்கொண்டார்.