பழைய கிட்டாருக்குப் புதிய பிக்கப்

ஒரு சிறிய காந்தத் துண்டைக் கட்டைவிரலால் அழுத்தியதனால், ஓர் இசைக்கருவியின் மூன்று குரல்களில் ஒன்றை ஒரே நொடியில் அடக்கிவிட்டவன் நான். அக்கருவி என்னுடையதுமன்று. என் நண்பர் ஒருவருடைய தமையனார் விட்டுச்சென்ற மின்கிட்டார் அது. 1954-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் புல்லர்ட்டன் நகரில் லியோ பெண்டர் வெளியிட்ட ஸ்ட்ராட்டோகாஸ்டரை அடியொற்றிப் பிற்காலத்தில் செய்யப்பட்டது. ஆகவே, அதற்கு மாற்றுப் பிக்கப் தேடும் பொறுப்பும் என்மேலேயே விழுந்தது. அத்தேடலில் நான் அறிந்தவற்றையே இங்குச் சொல்ல விரும்புகிறேன்.

பிக்கப் என்பது ஒலிவாங்கி அன்று. ஒலியை அது கேட்பதேயில்லை. ஆறு தந்திகளுக்கும் நேர்கீழே ஆறு காந்தக் குச்சிகள் நிற்கின்றன. அவற்றைச் சுற்றித் தலைமயிரினும் மெல்லிய செப்புக்கம்பி ஏறத்தாழ எண்ணாயிரம் சுற்றுகள் சுற்றப்பட்டிருக்கும். காந்தத்தின் எதிரே எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் அசைகிறது; அவ்வசைவு சுருளில் மின்னழுத்தமாகப் பிறக்கிறது. மாண்டலின் ஸ்ரீநிவாஸ் வாசித்த மின்மாண்டலினிலும் இவ்வேலையைச் செய்தது பிக்கப்தான்.

நண்பரின் குறை யாதெனில், மூன்றாம் தந்தி மட்டும் மற்றவற்றை மீறிக் கத்துகிறது என்பது. பார்த்தேன், மூன்றாம் தந்தியின் கீழிருந்த குச்சி மற்றவற்றைவிட உயர்ந்து நின்றது. இதைச் சிறிது தாழ்த்தினால் போயிற்று என்று எண்ணி, நடுப் பிக்கப்பின் குச்சியை அழுத்தினேன். பழைய முறைப் பிக்கப்பில் தனியே பிளாஸ்டிக் உருளை கிடையாது. கம்பி நேராகக் காந்தங்களின் மேலேயே சுற்றப்பட்டிருக்கும். குச்சி அசைந்தது, உட்சுற்று அறுந்தது. மல்டிமீட்டரில் தொட்டுப் பார்த்தேன். சுருளில் மின்னோட்டம் செல்லவேயில்லை. நண்பர் ஒன்றும் சொல்லவில்லை. அதுவே எனக்குப் பெருந்தண்டனையாயிற்று.

அக்குச்சி ஏன் உயர்ந்து நின்றது? ஐம்பதுகளில் கிட்டாரின் மூன்றாம் தந்தியும் சுற்றுக்கம்பி போர்த்ததாகவே இருந்தது. சுற்றுத்தந்தியின் உள்ளெஃகு மெல்லியது. பிக்கப்புக்கு அது மெலிந்தே கேட்கும். அதனை ஈடுகட்டவே குச்சியை உயர்த்தி வைத்தார்கள். பின்னாளில் வாசிப்போர் தந்தியை வளைத்து இழுப்பதற்காகச் சுற்றில்லாத மூன்றாம் தந்திக்கு மாறினர். தந்தி மாறிற்று, பழைய மாதிரியைப் பின்பற்றும் பிக்கப்பில் குச்சி மாறவில்லை. தந்தியை இழுத்து வாசிப்பவர் குச்சிகள் சமமாக உள்ள பிக்கப்பை வாங்குவதே நன்று. பழமைக்கு மெய்யாக இருக்க வேண்டுமென்று உயர்குச்சியை வாங்கிச் சுற்றில்லாத தந்தியைப் பூட்டுவது பாதிப் பழமையே.

இனி, கடைக்காரர் முதலில் சொல்லும் எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. இத்தனை ஆயிரம் ஓம் என்று மின்தடையைச் சொல்லி, எண் பெரிதானால் ஒலியும் பெரிது என்பார். நானும் அதை வெகுநாள் நம்பியிருந்தேன். பழைய ஸ்ட்ராட்டோகாஸ்டர் பிக்கப்பின் தடை சாதாரணமாக 6000 ஓமை ஒட்டியிருக்கும். ஆனால் வழக்கமான 42-ஆம் எண் கம்பிக்குப் பதிலாக அதனினும் மெல்லிய 43-ஆம் எண் கம்பியை அதே அளவு சுற்றினால், தடை கால்பங்கு கூடிவிடும். ஒலியின் வலிமை கூடுவதில்லை. வெயிலும் இந்த எண்ணை மாற்றும். 20 பாகை வெப்பத்தில் 6000 ஓம் காட்டும் சுருள், 35 பாகையில் ஏறத்தாழ 6350 காட்டும். குளிர்நாட்டில் அளந்த எண்ணையும் நம் ஊர்ச் சித்திரை மாதத்தில் அளந்த எண்ணையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் என்ன பயன்?

மெய்யாகவே சுற்றுகளைக் கூட்டினால் ஒலி வலுப்பது உண்மைதான். ஆனால் அதற்கு விலை உண்டு. சுருளின் மின்தூண்டல் சுற்றெண்ணிக்கையின் வர்க்கத்தை ஒட்டி வளர்கிறது. சுற்று பத்துச் சதவீதம் கூடினால் மின்தூண்டல் ஏறத்தாழ 21 சதவீதம் கூடும். அதனால் சுருள் உயிர்ப்போடு ஒலிக்கும் உச்சம் கீழிறங்கி, தாரப் பகுதியின் மினுக்கம் மங்கிப்போகும். மணியோசை போன்ற தெளிவுக்காகவே ஒருவர் இப்பழைய மாதிரியை விரும்புகிறார். அதற்குப் போய் மிகவலிய பிக்கப்பைப் பூட்டுவது, புல்லாங்குழலில் நாகசுரத்தைத் தேடுவது போலாகும். காந்தத்தில் அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த அல்னிகோ ஐந்தாம் வகையே அக்கருவியின் இயல்பான காந்தம். மலிவான கிட்டார்களில் எஃகுக் குச்சிகளை நிறுத்தி, அடியில் பீங்கான் காந்தமொன்றை ஒட்டியிருப்பார்கள். அவற்றை மாற்றினால் வேறுபாடு செவிக்கு உடனே புலப்படும்.

இரைச்சலையும் சொல்ல வேண்டும். ஒற்றைச் சுருள், தந்தியின் அதிர்வோடு வீட்டு மின்கம்பிகளின் 50 சுழற்சி முரலலையும் சேர்த்தே வாங்கும். இதனைத் தீர்க்கக் கிப்சன் கம்பெனியின் செத் லவர் என்பார், காந்தமும் சுற்றும் எதிரெதிராக அமைந்த இரு சுருள்களை இணைத்து 1955-இல் காப்புரிமை கோரினார். 1957 முதல் அவை கிட்டார்களில் இடம்பெற்றன. இரண்டிலும் முரலல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், தந்தியொலி கூடும். ஆனால் அப்பிக்கப்பின் குரல் தடித்த வேறொரு குரல். மூன்று ஒற்றைச்சுருள் கிட்டாரில் இதே தந்திரத்தை வேறு வகையில் செய்யலாம்: நடுப் பிக்கப்பை மட்டும் காந்தமும் சுற்றும் எதிர்த்திசையில் அமைந்ததாக வாங்கினால், அதனோடு மற்றொன்றைச் சேர்த்து ஒலிக்கும் நிலைகளில் முரலல் அடங்கும். தனியே ஒலிக்கும்போது அடங்காது. இரண்டில் ஒன்று மட்டுமே எதிராயிருந்தால், சேர்ந்து ஒலிக்கையில் நாதம் சுருங்கி மூக்கால் பாடுவது போலாகிவிடும். ஆகவே வாங்குமுன், பழைய பிக்கப்களின் காந்த முனை எதுவென்று ஒரு திசைகாட்டியைப் பிடித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். இதற்கு ஐந்து நிமிடம் போதும்.

பணம் செலவழிக்குமுன் திருப்புளியையும் எடுத்துப் பாருங்கள். பிக்கப் தந்திக்கு மிக நெருங்கியிருந்தால், காந்தம் தந்தியைத் தன்பால் இழுத்துச் சுருதியையே கெடுக்கும். கடைசிக் கட்டில் தந்தியை அழுத்திப் பிடித்தால், குச்சிக்கும் தந்திக்கும் இடையே சுமார் 2 மில்லிமீட்டராவது இருக்கட்டும். மந்தரத் தந்தியின் பக்கம் இன்னும் சற்றே கூடுதலாக. குரல் மங்கலாயிருந்தால் நெடுங்கேபிளையும் சந்தேகியுங்கள். அதன் மின்கொண்மையும் மேற்குரலை விழுங்கும்.

நண்பருக்கு நான் தேர்ந்தது 42-ஆம் எண் கம்பி, அல்னிகோ ஐந்து, எதிர்ச்சுற்று, எதிர்க்காந்தம் கொண்ட ஒரே ஒரு நடுப் பிக்கப். குதிரையருகே இருந்ததும் கழுத்தருகே இருந்ததும் அவருடைய தமையனார் காலத்தவையே. அவற்றை நான் தொடவில்லை. மூன்றாம் தந்தியோ? அவர் தந்தியை இழுத்து வாசிப்பவரல்லர். ஆகவே சுற்றுக்கம்பி போர்த்த மூன்றாம் தந்தியொன்றை வாங்கிப் பூட்டினோம். உயர்ந்த குச்சியும் அத்தந்தியும் பொருந்தின; கத்தல் நின்றது. முதல் நாளே நான் அதைச் செய்திருந்தால் பிக்கப்பே தேவைப்பட்டிராது. அறுந்த சுருளை எறிந்துவிட மனமில்லாமல், மறுசுற்றுச் சுற்றுபவர் ஒருவருக்கு அனுப்பியிருக்கிறேன். காந்தங்களை அசைக்காமல் சுற்றுமாறு உறையின்மேல் எழுதினேன்.