நாகையாவுக்கு ஒரு காலைக் காட்சி

2022 ஆகஸ்ட் 9. மகேஷ் பாபு பிறந்தநாளுக்காக, 2006இல் வந்த தெலுங்குப் 'போக்கிரி'யை 4கே தரத்தில் மெருகேற்றிச் சிறப்புக் காட்சிகள் போட்டார்கள். விஜய் நடித்த தமிழ்ப் படத்தின் மூலம் அதுதான். அடுத்த மாதமே பவன் கல்யாணின் 'ஜல்சா'. பிறந்தநாள் என்றால் பழைய படம் என்றாகிவிட்டது.

சித்தூர்த் தமிழனான எனக்கு அதில் மகிழ்ச்சியே. விசில் சத்தத்தோடு படம் பார்ப்பது தனிச் சுகம். ஆனால் எங்கள் ஊரின் பெயரையே தன் பெயரோடு சுமந்த சித்தூர் நாகையாவை மறக்கலாமா? 'மீரா'வில் எம்.எஸ். சுப்புலட்சுமியோடு ராணாவாக வந்தவர். 1946இல் 'தியாகய்யா'வை இயக்கி, இசையமைத்து, நடித்தவர். அந்தப் படத்தைப் பற்றிப் பேசினாலே என் தாத்தாவுக்குக் குரல் தழுதழுக்கும்.

மார்ச் 28 நாகையாவின் பிறந்தநாள். தியேட்டர்காரர்களே, அன்று ஒரு காலைக் காட்சியை 'தியாகய்யா'வுக்குக் கொடுங்கள். முதல் டிக்கெட்டை நான் வாங்குகிறேன்.