பழைய பைக்குக்கு எந்த இக்னிஷன் காயிலும் சேருமா?

சேராது. போல்ட் துளை பொருந்தினால் மட்டும் போதாது; உள்ளே இருக்கும் முதன்மைச் சுற்றின் மின்தடையும் பொருந்த வேண்டும்.

ஏன்? பிளாட்டினம் பாயின்ட் உள்ள 12 வோல்ட் புல்லட்டை எடுத்துக்கொள்வோம். சுற்றின் தடை 4 ஓம் என்றால், பாயின்ட் மூடியிருக்கும்போது அதிகபட்சம் 3 ஆம்பியர் ஓடும். 1.5 ஓம் காயிலை மாட்டினால் 8 ஆம்பியர்வரை எகிறும். பாயின்ட் முனைகள் கருகிக் குழி விழும். காயிலும் சூடேறிக் கெடும். சிடிஐ காயிலோ மின்தேக்கி கண நேரத்தில் கொட்டும் மின்சாரத்துக்காகச் செய்யப்பட்டது, இங்கே உதவாது.

எப்படித் தேர்ந்தெடுப்பது? புதுக் காயிலின் இரு சிறு முனைகளிலும் மல்டிமீட்டரை வைத்து ஓம் அளவைப் பாருங்கள். சர்வீஸ் மேனுவலில் உள்ள அளவோடு ஒத்துப்போனால் மட்டுமே வாங்குங்கள்.